பூச்சிக் கணக்கு

வா கண்ணு, வா. அந்தக் கட்டில்ல உக்காராத, கயிறு தொய்ஞ்சு கெடக்குது, நீ போட்டிருக்கற பேண்ட்டுக்கு ஆகாது. அக்கட்டால திண்ணையில உக்காரு. என்னமோ கார்டு அடிச்சிருக்கறயாமா? குடு பாக்கலாம். அட, வழவழன்னு இருக்குதே. உன்ற பேருக்குக் கீழ 'மேனேஜிங் டைரக்டர்'னு போட்டிருக்கறே. யாரை மேனேஜ் பண்றே சாமி? நம்ம மஞ்சி மில்லுல இருக்கறது மூணு பேரு, அதுல ஒருத்தன் நானு. சரி, போட்டுக்கோ. அடிச்சது அடிச்சாச்சு, அழிச்சா எழுதப் போறே?

ஏத்துமதி பண்ணப் போறேங்கறே. மட்டையில மஞ்சி உரிச்சது போக மிஞ்சற தூளைக் கழுவி, களத்துல காயவெச்சு, அஞ்சு கிலோ கட்டியா அமுக்கி, சீனாக்காரனுக்கு அனுப்பப் போறே. நல்ல காரியம். என்ற காலத்துல அந்தத் தூளை இட்டேரியோரமாக் கொட்டி வெப்போம். மழை பேஞ்சா செவ்வெண்ணெயாட்டத் தண்ணி எறங்கி ஊரே சேந்து நம்மளைத் திட்டும். அந்தக் குப்பைக்கு இன்னிக்குக் கப்பல் வருதுன்னா எனக்குச் சந்தோசந்தான். ரேட்டு பாத்துட்டே. கண்டெய்னர் வாடகை பாத்துட்டே. பேங்குக்காரனுக்கு டீ வாங்கிக் குடுத்து லோனுக்கும் எழுதிப் போட்டுட்டே. தூத்துக்குடி வரைக்கும் லாரிக்கு டீசல் எவ்வளவுன்னு பைசா சுத்தமாச் சொல்றே. ஒண்ணை மட்டும் பாக்காம உட்டுட்டயே. பூச்சி.

சிரிக்கறே. மருந்தடிச்சர்லாங்கறே. நான் சொல்ற பூச்சி மருந்துக்குச் சாகாது கண்ணு. அது தோட்டத்துல பொறக்கறதில்லை. ரெண்டு நாட்டு மந்திரிமாருக மூஞ்சியத் திருப்பிக்கற எடத்துல பொறக்குது.

அந்த அட்டாலி மேல ஒரு நோட்டு இருக்குது, எடு. முன்பக்கம் பூராத் தேங்கா எண்ணிக்கை, அது உனக்கு எதுக்கு, நீ டைரக்டரு. பின்பக்கத்தைத் திருப்பு. நானு எட்டாவதோட நின்னவன், ஆனாப் பேப்பர் படிக்கறதை நிறுத்துனதில்லை. சினிமாச் செய்தியத் தாண்டிப் போயிருவேன். வண்டு, பூச்சி, எண்ணெய்னு எவனாவது எழுதியிருந்தா உடமாட்டேன், குடியானவன் புத்தி. படிச்சதையெல்லாம் இதுல எழுதி வெச்சிருக்கறேன்.

நோட்டைப் படிக்கறதுக்கு முன்னாடி நம்மூட்டுக் கதை ஒண்ணைக் கேளு. மேலத்தோட்டத்துப் பெரியப்பன் ஊட்டுக்கும் நமக்கும் இருந்த பழக்கம் உனக்குத் தெரியாது, நீ அப்பப் பொறக்கலை. பங்காளிக. அவிய ஆலையில காச்சுன நாட்டுச்சக்கரைதான் நம்மூட்டுக்கு வருசம் பூரா. இருபது வருசம் தின்னோம். ஒரு மாரியாத்தா நோம்பியில மொத மரியாதை யாருக்குங்கறதுல வாய்த்தகராறு வந்துருச்சு. மக்கா நாள் காத்தால உங்க அப்பத்தா சக்கரைப் பானையத் தெறக்கறா, உள்ள எறும்பு! 'இந்தக் கருமத்தை மனுசன் திம்பானா'ன்னு பானையத் தூக்கி வாசல்ல வெச்சுட்டா, போறவன் வர்றவன் பாக்கட்டும்னு. அந்த எறும்பு இருபது வருசமா அதே பானையிலதான் குடியிருந்துச்சு. ரேசன் கார்டு ஒண்ணுதான் அதுக்கு இல்லை. நோம்பி முடிஞ்ச அன்னிக்குத்தான் எங்க கண்ணுக்குத் தெம்பட்டுது.

ஆனாப் பாரு, ரெண்டு ஊட்டுக்கும் கெணறு ஒண்ணு. மொறைத் தண்ணி. வாரத்துல ரெண்டு நாள் நமக்கு, மீதி அவியளுக்கு. மோட்டாரும் அவிய மோட்டாரு. சண்டையில பேச்சுவார்த்தையே நின்னு போன அந்த நாலு வருசத்துல, அந்தத் தண்ணியில ஒரு நாளும் நாங்க பூச்சி பாக்கலை. தவளை செத்து மெதந்தாலும் கண்ணை மூடிட்டுப் பாய்ச்சுனோம்.

சக்கரைப் பானையையும் கெணத்தையும் முந்தானையில முடிஞ்சு வெச்சுக்கோ. உனக்கு முந்தானை இல்லை, செல்போன்ல ஏத்திக்கோ. இப்ப நோட்டைப் படி.

மொதல்ல எழுதியிருக்கறது 2017 டிசம்பர். இலங்கையிலிருந்து ரசியாவுக்குப் போன தேயிலைச் சரக்குல ஒரு வண்டு. கப்ரா வண்டு, நம்ம குடோன்ல தானியத்தைத் திங்கற சாதிதான். அதைப் பாத்ததுமே ரசியாக்காரன், தேயிலை மட்டுமில்லை, இலங்கையில வெளையற எந்தப் பொருளும் வேண்டாம்னு டிசம்பர் 18-லிருந்து தடை போட்டுட்டான். சிலோன் தேயிலை வாங்கறதுல அவன் முன்வரிசை. அந்த மலையில கொழுந்து கிள்ளற கையி முக்காவாசியும் நம்ம சனத்துக் கையி. கொழும்புல எல்லாத்துக்கும் வயித்தைக் கலக்கிருச்சு.

அந்த வண்டுக்கு என்ன வெசனம்னு கேளு. புத்துநோய் வருதுன்னு சொல்லி, 2018 பொறந்ததும் அஸ்பெஸ்டாஸ் சீட்டை ஒழிச்சுக்கட்டறதுன்னு இலங்கை அரசாங்கம் முடிவு பண்ணி வெச்சிருந்துச்சு. அந்தச் சீட்டுக்குண்டான கல்நாரை அவியளுக்கு விக்கறது யாருங்கறே? ரசியாக்காரன். இலங்கை மந்திரிசபை உக்காந்து பேசிக் கல்நார்த் தடையத் தள்ளி வெச்சுது. டிசம்பர் 30-ல ரசியாக்காரன் தேயிலைத் தடையத் தூக்கிட்டான். வண்டு என்னாச்சுன்னு யாரும் கேக்கலை. பன்னண்டு நாள்ல ஆயுசு முடிஞ்சுதாட்ட இருக்குது. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லைன்னு பெரிய மனுசங்க சொன்னா, நம்பிக்கோ. நம்பறதுக்குக் காசா பணமா?

அடுத்த பக்கம் மாவுப்பூச்சி. 2021 மார்ச் 1-லிருந்து தைவான் அன்னாசிப்பழம் வேண்டாம்னு சீனாக்காரன் சொல்லிட்டான். கேட்டா, பூச்சி. அதே வருசம் செப்டம்பர்ல அவிய சீத்தாப்பழத்துலயும் பூச்சி, மாவுப்பூச்சியேதான். தைவான் தனி நாடா, என்ற பண்ணையத்துல ஒரு பாகமாங்கறது சீனாக்காரனுக்கு ரொம்ப நாள் வழக்கு. அந்தம்மா சாய் இங்வென் அங்க ரெண்டாவது தடவை செயிச்சு சனாதிபதியா உக்காந்திருந்த நேரம் அது. அந்தம்மாளைக் கண்டாப் பெய்சிங்குக்கு ஆகாது. பூச்சிக்கும் அது தெரிஞ்சிருக்குது பாரு. அதுக்கு முன்வருசம் தைவான் வெளிநாட்டுக்கு வித்த அன்னாசியில 100-க்கு 90-க்கு மேல சீனாவுக்குத்தான் போச்சு. இந்த 90-ங்கற கணக்கை மட்டும் அடிக்கோடு போட்டு வெச்சிருக்கறேன், பொறகு வர்றேன். தைவான்காரனுக ரோசத்துல ஊரே கூடி அன்னாசி தின்னானுக. சப்பான்காரனும் எப்பவும் வாங்கறதைவிடப் பல மடங்கு வாங்கிக்கிட்டான்.

நெசமான மாவுப்பூச்சின்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் கண்ணு. 2008 வாக்குல கோயமுத்தூர்ப் பக்கம் பப்பாளியில வந்துச்சு பாரு, பப்பாளி போச்சு, மல்பெரி போச்சு, மரவள்ளி போச்சு, வேலியோரத்துப் பார்த்தீனியத்தைக்கூட உடலை. எந்த மருந்துக்கும் அடங்காம, கடைசியில 2010-ல அமெரிக்காக்காரன் சம்மதத்தோட போர்ட்டோ ரிக்கோவுல இருந்து ஒரு பொடிக் குளவியக் கொண்டாந்து உட்டுத்தான் அடக்குனாங்க. அந்தக் குளவிக்கு எவனும் வரி போடலை. நம்ம தென்னையில இருக்கற சுருள் வெள்ளை ஈ இருக்குதே, அது நாட்டுக்குள்ள மொதல்ல தெம்பட்டதே 2016-ல, நம்ம பொள்ளாச்சியிலதான். ஓலையெல்லாம் கருப்புப் பூசணம் புடிச்சு நாம அழுதப்ப, ஒரு நாட்டு மந்திரியும் அதைப் பத்திப் பேசலை. நெசப் பூச்சிக்கு மரியாதை அவ்வளவுதான்.

மீனுக்குப் பூச்சி வருமாங்கறயா? வரும். 2010-ல நார்வேயில நோபல் கமிட்டிக்காரங்க சமாதானப் பரிசை லியூ சியாபோங்கற சீனாக்காரருக்குக் குடுத்தாங்க. அவரு அப்ப செயில்ல. பரிசு குடுக்கற அன்னிக்கு மேடையில காலி நாற்காலி. அதுக்குப் பொறகு நார்வே சால்மன் மீனுக்குச் சீனத் துறைமுகத்துல தனிச் சோதனை, தனிச் சீட்டு, தனி வரிசை. பச்சை மீனு கண்ணு, அது வரிசையில நிக்குமா? பரிசு குடுத்தது கமிட்டிதான், எங்க அரசாங்கமில்லைன்னு நார்வே சொல்லிப் பாத்துச்சு. மீன் புடிச்சவனோ கமிட்டியுமில்லை, அரசாங்கமுமில்லை. அது சரியாகறதுக்கு 2016 டிசம்பர் ஆச்சு, ஆறு வருசம். நடுவுல ஒரு வேடிக்கை. வியட்நாம்காரன் திடீர்னு நார்வே மீனை அள்ளி அள்ளி வாங்குனான். அவனுக்கு அப்படியென்ன சால்மன் ஆசைன்னு கேக்காத. அவனுக்கும் சீனாவுக்கும் நடுவுல வேலிதான், வேலியில சந்து இல்லாம இருக்குமா?

இப்பக் கெணத்துக்கு வர்றேன். 2020 ஏப்ரல்ல ஆஸ்திரேலியாப் பிரதமரு மோரிசன், கொரோனா எங்கிருந்து கெளம்புச்சுன்னு ஒரு பொது விசாரணை வெக்கோணும்னாரு. கேட்டது தப்பா சரியாங்கறது பஞ்சாயத்துக்காரன் வேலை. அடுத்த மாசமே ஆஸ்திரேலியா பார்லிக்குச் சீனாவுல 80.5 சதம் வரி. திராட்சைச் சாராயத்துக்கு 218 சதம் வரைக்கும் போச்சு. நிலக்கரி, சிங்கி எறால் எல்லாம் துறைமுகத்துலயே நின்னுது. பட்டியல் நீளமாப் போயிட்டே இருந்துச்சு. ஆனா இரும்புத்தாது? அதைத் தொடவே இல்லை. சீனாக்காரன் வெளியில வாங்கற இரும்புத்தாதுல பாதிக்கு மேல ஆஸ்திரேலியாவுல இருந்துதான். அதுல எறும்பு ஏறுமா? கெணத்துத் தண்ணி சாமி அது.

பார்லி வரிய 2023 ஆகஸ்டுல எடுத்தான், சாராய வரிய 2024 மார்ச்சுல எடுத்தான். ஆனா அந்தச் சண்டையில எனக்கு மறக்காதது வரியில்லை. ஆஸ்திரேலியா நிலக்கரிய ஏத்திட்டுப் போன 'ஜக் ஆனந்த்', 'அனஸ்தாசியா'ன்னு ரெண்டு கப்பல் சீனாக் கரையோரத்துல நங்கூரம் போட்டு நின்னுது. சரக்கையும் எறக்க உடலை, ஆளையும் எறக்க உடலை, திரும்பிப் போகவும் வழியில்லை. ரெண்டுலயும் சேத்து 39 பேரு நம்ம நாட்டு மாலுமிக. மொதக் கப்பல் 2020 சூன்ல போயி நின்னுது, அடுத்த சனவரியிலதான் சப்பான் போயி ஆளு மாத்துனாங்க. இன்னொண்ணுல இருந்தவங்க பிப்ரவரியிலதான் மீண்டாங்க. மோரிசன் பேசுன பேச்சுக்கும் கப்பல்ல கஞ்சி காச்சுனவனுக்கும் என்ன ஒறவு? அதை வாசிச்சுட்டு அன்னிக்கு ராத்திரி நானு சாப்புடலை. சரி, உடு. கரையில தேங்கிக் கெடந்த அந்த நிலக்கரியில கொஞ்சத்தை 2021-ல மலிவாக் கெடைக்குதுன்னு வாங்குனது யாரு தெரியுமா? நம்மாளுகதான். ஊடு பத்தி எரியறப்பப் பீடி பத்த வெக்கற சாமர்த்தியம் நமக்கு எப்பவும் உண்டு.

என்னடா சீனாக்காரனையும் ரசியாக்காரனையுமே சொல்றேன்னு பாக்கறயா? நாம மட்டும் கோயில் மாடா? பக்கத்தைத் திருப்பு.

2019 செப்டம்பர்ல மலேசியாப் பிரதமரு மகாதீர், ஐ.நா. சபையில நின்னு காஷ்மீரைப் பத்தி நம்மளைக் கடிச்சுப் பேசிட்டாரு. அவருக்கு அப்பவே 94 வயசு. அந்த வயசுல வாயி மட்டுந்தான் நல்லா வேலை செய்யும், எனக்கும் அப்படித்தான். நம்ம எண்ணெய் மில்லுக்காரங்க சங்கம், மலேசியா எண்ணெய் வாங்காதீங்கப்பான்னு ஆளுகளுக்குச் சொல்லிருச்சு. 2020 சனவரி 8-ல டெல்லியிலிருந்து ஒரு உத்தரவு. சுத்திகரிச்ச பாமாயிலு இனிமேத் தாராளமா வராது, கட்டுப்பாட்டோடதான் வரும். அந்தக் காயிதத்தை எந்தப் பக்கம் திருப்புனாலும் மலேசியாங்கற பேரு இல்லை. காஷ்மீர்ங்கற பேரும் இல்லை. உங்க அப்பத்தா தோத்தா போ! அவ எறும்பையாவது காட்டுனா.

அன்னிக்கு நம்மூரு டீக்கடையில ஒரே கொண்டாட்டம். பாமாயிலு நின்னு போச்சு, இனி ரேசன் கடையில தேங்காயெண்ணெய் ஊத்துவாங்க, தேங்காப் பருப்பு வெல ஏறும், கடனைக் கட்டீர்லாம்னு. தேங்காயெண்ணெயை ரேசன்ல குடுன்னு நாம எத்தனை வருசமாக் கேட்டுட்டிருக்கறோம்? நம்ம மனுவைப் படிக்காத டெல்லி மகாதீர் பேச்சைக் கேட்டாவது குடுத்துருமாட்ட இருக்குதேன்னு நானுமே ஒரு வடை கூடுதலாத் தின்னேன். என்னாச்சு? மலேசியாக்காரன் வாசல்ல இருந்து எந்திரிச்சான், இந்தோனேசியாக்காரன் அதே எடத்துல துண்டை விரிச்சான். ரேசன் பாக்கெட்டு அதே 25 ரூபா. உள்ள இருக்கற எண்ணெய் எந்த நாட்டுப் பனையில எறங்குச்சுன்னு பாக்கெட்டுக்கே தெரியாது.

மகாதீர் ஒரு நெசத்தைச் சொன்னாரு. பதிலுக்கு எதாவது பண்ணற அளவுக்கு நாங்க பெரிய ஆளில்லைன்னாரு. பிப்ரவரியில அவரு பதவி போச்சு. அது அவிய ஊட்டுச் சண்டையில போனது, நம்ம சாமர்த்தியம் ஒண்ணுமில்லை. மே மாசம் பாரு, மலேசியா நம்மகிட்ட 1 லட்சம் டன் அரிசிக்கு ஒப்பந்தம் போடுது, நம்மாளுக மலேசியா எண்ணெய்க்கு மறுபடி ஆர்டர் குடுக்கறாங்க. காஷ்மீரு அங்கயேதான் இருக்குது. பேசுனவரு ஊட்டுக்குப் போயிட்டாரு. அரிசியும் எண்ணெயும் எதிரும் புதிருமாக் கப்பல்ல போகுதுக. நம்ம டீக்கடையில தின்ன வடைக்கு மட்டும் இன்னும் பாக்கி இருக்குது.

இன்னொரு கணக்கைச் சொன்னாக் கோவிச்சுக்க மாட்டயே? 2020 சூன்ல கல்வான் பள்ளத்தாக்குல நம்ம 20 சிப்பாய்க உசுரு போச்சு. அந்த வேதனை வேற, அதை நையாண்டி பண்ண மாட்டேன். அந்த மாசக் கடைசியில சீனாக்காரன் ஆப்பு 59-ஐ அரசாங்கம் தடை பண்ணுச்சு. நீ அப்ப எங்க முன்னாடி நின்னு அந்த டான்சு ஆப்பை அழிச்சே. உங்க அம்மா கண்ணு கலங்கிட்டா, தேசபக்தின்னு. சரி, அந்த வருசம், 2020-21-ல, சீனாவுல இருந்து நாம வாங்குன சரக்கு சுமார் 6,500 கோடி டாலரு. 2024-25-ல? 11,300 கோடி டாலருக்கு மேல! நீ ஆப்பை அழிச்ச செல்போனைப் பிரிச்சுப் பாத்தா உள்ள பாதி அவன் சாமான். நாம குடிக்கற மாத்திரைக்கு மூலப்பொருளு அவன்கிட்ட இருந்து. கெணத்து மோட்டாரு அவன் கையில இருக்கறப்ப நாம சக்கரைப் பானையத்தான் வாசல்ல வெக்க முடியும்.

பாக்கிஸ்தான் கதை வேற தினுசு. அங்க மோட்டாரு யாருகிட்டயும் இல்லை, கெணறே ரொம்ப நாளா வத்திக் கெடந்துச்சு. 2019-ல புல்வாமாவுல குண்டு வெச்சதும், 1996-ல குடுத்திருந்த சலுகைய எடுத்து, அங்கிருந்து வர்ற சரக்குக்கெல்லாம் 200 சதம் வரி போட்டோம். 2025 ஏப்ரல்ல பகல்காம்ல அநியாயமாச் சனத்தைக் கொன்னதும், மே 2-லிருந்து நேராவும் வேண்டாம், சுத்தியும் வேண்டாம்னு மொத்தமாக் கதவைச் சாத்தியாச்சு. சாத்தத்தான் வேணும். ஆனா உங்க அம்மா ரத்தக்கொதிப்புக்கு ஆகும்னு நாட்டு மருந்துக் கடையில வாங்குனாளே இந்துப்பு, அது பாக்கிஸ்தான்ல கேவ்ரா மலையில வெட்டுனது. பேரைப் பாத்து நம்ம சாதின்னு நெனச்சிருப்பா. அதே வருசம் சூன்ல சுங்கத்துக்காரங்க 39 கண்டெய்னரைப் புடிச்சாங்க, 1,115 டன்னு. பாக்கிஸ்தான் பேரீச்சை, துபாய்ல வேட்டி மாத்திக் கட்டிட்டு வந்திருக்குது. நேர் வழிய அடைச்சா இட்டேரி வழியா வண்டி போகும், வண்டிக்காரனுக்குக் கூலி சேத்துக் குடுக்கோணும். அவ்வளவுதான்.

இதெல்லாம் தூரத்துக் கதைன்னா, பஸ் ஏறித் திருப்பூர் போயிப் பாரு. 2025 ஆகஸ்ட் 27-லிருந்து அமெரிக்கா நம்ம சரக்குக்கு 50 சதம் வரி போட்டுச்சே, அதுல பாதி எதுக்குங்கறே? நாம ரசியாக்காரன்கிட்ட கச்சா எண்ணெய் வாங்குனதுக்கு அபராதம். பனியன்ல கழுத்துப்பட்டை வெச்சுத் தைக்கற புள்ள கச்சா எண்ணெயக் கண்ணுல பாத்திருக்குமா? அது தலைக்கே தேங்காயெண்ணெய்தான் தேய்க்குது. அன்னிக்குப் பங்களாதேசுக்காரனுக்கும் வியட்நாம்காரனுக்கும் 20 சதம். ஆர்டரு யாரு பக்கம் சாயும்னு தராசுகூடத் தேவையில்லை. வேடிக்கை என்னன்னா, நம்ம செல்போனுக்கும் மாத்திரைக்கும் அப்ப அந்த வரி போடலை. அது அவிய கெணறு. நம்மளைவிட அதிகமா ரசியா எண்ணெய் வாங்குன சீனாக்காரன் மேல அந்த அபராதம் போடலை. காந்தம் செய்யற அரிய மண்ணு அவன் கையில இருக்குது, 2025 ஏப்ரல்ல அதுக்கு ஒரு பூட்டைப் போட்டுக் காட்டிட்டான். பனியனுக்குப் பூட்டுப் போட்டு எவனைப் பயமுறுத்தறது?

மூஞ்சி சுருங்கிப் போச்சு உனக்கு. நானென்ன உன்ற தொழிலைக் கெடுக்கவா இதைச் சொல்றேன்? இப்ப நானு கேக்கறதுக்குப் பதில் சொல்லு. எத்தனை பேருக்குச் சரக்கு அனுப்பப் போறே?

ஒருத்தனுக்கா. ஒருத்தனே மொத்தத்தையும் எடுத்துக்கறேன்னு சொல்லிட்டானா. அடேயப்பா, எவ்வளவு நல்ல மனசு! அடிக்கோடு போட்ட அந்த 90-ஐ மறுபடி பாரு. தைவான்காரனும் அப்படித்தான் நிம்மதியாத் தூங்கிட்டிருந்தான். இன்னொண்ணு கேக்கறேன். உன்ற தூளு இல்லாட்டி அவன் ஊட்டுல அடுப்பு எரியாதா? எரியும். தக்காளிச் செடியத் தொட்டியில வெக்கறவன் உன்ற தூள்ல வெப்பான், இல்லாட்டிச் சிலோன் தூள்ல வெப்பான், அதுவும் இல்லாட்டிப் பஞ்சுல வெப்பான். நீ விக்கறது இரும்புத்தாது இல்லை சாமி. சக்கரைப் பானை.

அதுலயும் உன்ற சரக்குக்குப் பூச்சிகூடத் தேவையில்லை. மஞ்சித்தூள்ல உப்பு இருக்குது, எத்தனை தடவை கழுவுனாலும் கொஞ்சூண்டு இருக்கும். உறவு நல்லாருக்கறப்ப மீட்டரை வெச்சுப் பாத்துட்டு, பரவால்லைம்பான். மந்திரிமாருக மொறைச்சுக்கிட்டா அதே மீட்டரு அதே உப்பைக் கடலளவு காட்டும். உன்ற கண்டெய்னரு துறைமுகத்துல நிக்கும், நாள் வாடகை ஏறும். நீ போன் பண்ணுனா அந்த நல்ல மனசுக்காரன் ரொம்பப் பிரியமாப் பேசுவான், ஆனாச் சரக்கை எடுக்க மாட்டான். அவனையும் குத்தம் சொல்ல முடியாது. அவன் மேல இருக்கறவன் கண்ணைக் காட்டியிருப்பான்.

அதனால நானு சொல்றதைக் கேளு. கார்டு அடிச்ச காசுல பாதிய மிச்சம் புடிச்சிருந்தாக்கூட ரெண்டு பேப்பருக்குச் சந்தா கட்டியிருக்கலாம். காத்தால எந்திரிச்சதும் டாலரு ரேட்டைப் பாக்கறதுக்கு முன்னாடி, எந்த மந்திரி எந்த ஊருல எவன் கையக் குலுக்குனான், எவன் கையக் குலுக்காம வந்தான்னு பாரு. குலுக்காம வந்தவன் நாட்டுக்கு அந்த மாசம் சரக்கை ஏத்தாத. ஏத்துனாலும் முன்பணம் வாங்காம ஏத்தாத. ஆலந்துக்காரனுக்குக் கொஞ்சம், கொரியாக்காரனுக்குக் கொஞ்சம், சீனாக்காரனுக்குக் கொஞ்சம்னு பிரிச்சு உடு. ரேட்டு ஒரு ரூபா கம்மியா வந்தா வரட்டும், அந்த ஒரு ரூபாயப் பூச்சி மருந்துச் செலவுன்னு எழுதிக்கோ. இன்சூரன்சுக்காரன்கிட்ட, சண்டை வந்து சரக்கு நின்னாப் பணம் குடுப்பயான்னு எழுத்துல கேளு. அதுக்குன்னே டெல்லிக்காரன் ஏத்துமதிக் கடன் உத்தரவாதம்னு ஒரு ஏற்பாடு வெச்சிருக்கறான், ஈ.சி.ஜி.சி.ம்பாங்க. கோயமுத்தூர்ல போயி விசாரி. மில்லுக்கு வெளிய போடற போர்டுல 'எக்ஸ்போர்ட்ஸ்'னு பெருசா எழுதறதுக்கு முன்னாடி இதை விசாரி.

இலங்கைக்காரன் கிட்ட ஒண்ணு கத்துக்கோணும். ஈரான்கிட்ட எண்ணெய் வாங்குன கடன் சுமார் 25 கோடி டாலரு பாக்கி நின்னு போச்சு. அமெரிக்காக்காரன் தடையால ஈரானுக்குப் பணமா அனுப்ப வழியில்லை. என்ன பண்ணலாம்னு ரெண்டு பேரும் உக்காந்து பேசி, 2021 டிசம்பர்ல ஒரு முடிவுக்கு வந்தாங்க. மாசாமாசம் 50 லட்சம் டாலருக்குத் தேயிலையாக் குடுத்துக் கழிச்சுக்கறதுன்னு. நம்ம ஊருல நெல்லைக் குடுத்து உப்பு வாங்குன கணக்குதான், கோட்டு சூட்டுப் போட்டுட்டு ஒப்பந்தமா வந்திருக்குது. தேயிலைக்காரனுக்குக் காசு, ஈரான்காரனுக்கு டீ, அமெரிக்காக்காரனுக்குக் கோவப்பட ஒண்ணுமில்லை. மூளை இருக்கறவன் பூச்சிக்கும் ஒரு இட்டேரி கண்டுபுடிப்பான்.

மேலத்தோட்டத்துச் சண்டை எப்படித் தீந்துதுன்னு கேக்க மாட்டேங்கறயே? ஒண்ணும் தீரலை. அவிய மகன் கல்யாணத்துக்கு நாட்டுச்சக்கரைக்கு வண்டி வேணும்னு கேட்டாங்க, நம்ம வண்டி சும்மா நின்னுது. உங்க அப்பத்தா பானையக் கழுவி உள்ள எடுத்து வெச்சா. எறும்பு? அதுவும் உள்ளதான் வந்துச்சு.

சரி, பழமை பேசிட்டே நேரம் போச்சு. நோட்டை அட்டாலியில வை. அந்தப் பையத் தூக்கிட்டு ரேசன் கடைக்குப் போயிட்டு வா, பாமாயிலு ரெண்டு பாக்கெட்டு போடறானாமா. தேங்காயெண்ணெய் விக்கற வெலைக்கு நம்மூட்டுல எப்படிப் பலகாரம் சுடறது? ஒரு மணிக்குக் கடையச் சாத்திருவான், வெரசாப் போ. போறப்ப அந்தக் கார்டு ஒண்ணை எடுத்துட்டுப் போயிக் கடைக்காரன்கிட்ட நீட்டீராத, அப்பறம் உனக்கு ரேசன் எதுக்குன்னு கேட்டுப்போடுவான்.